வெள்ளையடிப்பதற்கு முன்: வருடப்பிறப்புக்கு முந்திய வாரங்களில் நம் வீடுகளுக்குச் செய்ய வேண்டியவை

மாசி பாதியானதும் வினாயகபுரத்தில் வாடைக்காற்றின் ஈரம் குறையத் தொடங்கும். வளவுக்குள் தேங்கி நின்ற மாரித் தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும். கார்த்திகையில் இருந்து பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போன சுவர்கள் மெல்லக் காயும். அதோடு வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: வருசத்துக்கு முன் பெயின்ற் அடிக்க வேண்டும். திருக்கோவில், தம்பிலுவில் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் இது சித்திரை வருடப்பிறப்புக்காக. அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நோன்புப் பெருநாளுக்காக. அண்மைய ஆண்டுகளில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. 2024 இல் இரண்டுக்கும் இடையில் ஓரிரு நாட்களே இருந்தன. அதனால் இந்த மாதங்களில் மேசனும் பெயின்ற் வேலைக்காரரும் கிடைப்பதே பெரும்பாடு.

பெயின்ற் அடிப்பதில் பிழையில்லை. நல்ல நாளுக்கு வீடு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று யாரும் விரும்புவார்கள். ஆனால் வேலையின் வரிசைதான் தலைகீழாக இருக்கின்றது. கையில் உள்ள காசு முழுவதும் முதலில் சுவரின் நிறத்துக்குப் போகின்றது. கூரை, கம்பி, கிணறு, வயர் என்பன அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. அடுத்த வருடமும் அப்படியே போகின்றது.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. மாரி முடிந்து சுவர் காயும் இந்த நாட்கள்தான், வீடு தன் நோயைக் காட்டும் நாட்கள். தண்ணீர் இறங்கிய தடம், கம்பியில் இருந்து வடிந்த கறள் கோடு, அடிச்சுவரில் பூத்த உப்பு, கைமரத்தில் ஏறிய கறையான் புற்று எல்லாம் இப்போது கண்ணுக்குத் தெரியும். முதலில் பெயின்ற் அடித்தால் அவை அனைத்தும் மறைந்துவிடும். நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

ஒருமுறை கிடைத்த வீடுகள்

இந்தக் கரையில் உள்ள வீடுகளில் பெரும்பகுதி ஒரே காலத்தில் எழுந்தவை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000க்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர். அதன் பின்னர் முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும், பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் தவணை முறையில் வழங்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குக் குறைந்தது 500 சதுர அடி என்ற அளவு வைக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னர் வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டம் வந்தபோது ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுக்கப்பட்டது.

1990 இல் ஊரை விட்டு ஓடி, உறவினர் வீட்டிலும் முகாமிலும் இருந்து, திரும்பி வந்து கொட்டில் போட்டு, அந்தக் கொட்டிலையும் கடல் கொண்டுபோன பிறகு கிடைத்த கல்வீடு இது என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு. அந்த வீட்டுக்கு இப்போது இருபது வயது தாண்டுகின்றது. கட்டிக்கொடுத்த நிறுவனங்கள் போய்விட்டன. இரண்டாவது வீடு தர யாரும் வரப்போவதில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு மூடை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியது. பிறகு குறைந்தாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இன்று அதே வீட்டைப் புதிதாகக் கட்டுவது எத்தனை பேருக்கு முடியும்?

பராமரிப்பு இல்லாவிட்டால் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூரம் போகத் தேவையில்லை. ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் உதவியில் அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு 2008 இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்து பற்றை மூடிச் சிதைந்தன. போரோ கடலோ அந்த வீடுகளைத் தொடவில்லை. கவனிக்க ஆளில்லாமல் போனதே போதுமாக இருந்தது.

ஏன் இப்போது?

இந்தக் கரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் தை வரைதான். மாசிக் கடைசியில் இருந்து சித்திரை வரை வெயிலும் இடையிடையே பின்னேரத்து இடி மழையும் இருக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கிவிடும். அந்தச் சூடான வறண்ட காற்றில் பூசிய சீமெந்து ஒரே நாளில் உலர்ந்து வெடிக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. மழையிலும் வேலை செய்ய முடியாது, கச்சானிலும் நல்ல வேலை வராது. இடையில் கிடைக்கும் ஏழெட்டு வாரங்கள்தான் சீமெந்து வேலைக்குத் தோதான காலம்.

ஆகவே முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். வெளியில் ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று. மழைக்கு எங்கே சட்டி வைத்தீர்கள், எந்தச் சுவர் ஈரமாக இருந்தது, எந்தக் கதவு இறுகியது என்பதை வீட்டில் உள்ள எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். அந்தப் படங்கள் பின்னர் இன்னொரு வகையிலும் உதவும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

கூரை

ஓட்டுக் கூரை என்றால், உடைந்த ஓட்டைவிட நகர்ந்த ஓடுதான் அதிகம் ஒழுகும். தென்னோலை விழுந்தும், பூனையும் காகமும் நடந்தும் ஓடுகள் விலகும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று மேலே பார்த்தால் வெளிச்சம் வரும் இடம் தெரியும். முகட்டோடு பூசிய சாந்து வெடித்திருந்தால் அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பழைய சாந்துக்கு மேல் பூசினால் ஒரு மாரிக்குக்கூட நிற்காது.

சீற் கூரை என்றால், ஆணியும் வளைகம்பியும் உள்ள இடங்களைப் பாருங்கள். கடற்கரையில் அவைதான் முதலில் கறள் பிடிக்கும். கறள் பிடித்த ஆணி சீற்றைப் பிடிக்காது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட மூத்தவர்கள், சீற்றுகள் கடுதாசி போலப் பறந்ததைச் சொல்வார்கள். காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதைவிட, உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். ஆகவே சீற் கைமரத்தோடும், கைமரம் சுவர்மேல் கிடக்கும் மரத்தோடும், அந்த மரம் சுவரோடும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டாலும் மற்ற இரண்டால் பயனில்லை. கைமரமும் சுவரும் சேரும் இடத்தில் தகட்டுப் பட்டி அல்லது கம்பி போட்டு இறுக்குவது ஒரு நாள் வேலை. அதன் செலவு ஒரு அறைக்குப் பெயின்ற் அடிக்கும் செலவை விடக் குறைவாகவே இருக்கும்.

அஸ்பெஸ்டோஸ் சீற் போட்ட வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா வகை அஸ்பெஸ்டோசும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலங்கையும் இதன் இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலையை ரஷ்யா தடுத்ததைத் தொடர்ந்து அந்த முடிவு பின்வாங்கப்பட்டது. அஸ்பெஸ்டோஸை ஏற்றுமதி செய்யும் பெரிய நாடுகளில் ஒன்று ரஷ்யா.

உடையாமல் மேலே கிடக்கும் சீற்றினால் ஆபத்து குறைவு. தூசு எழும்போதுதான் ஆபத்து. எனவே பாசி பிடித்த சீற்றைக் காய்ந்த நிலையில் கம்பித் தும்பால் உரஞ்ச வேண்டாம், வாளால் அறுக்க வேண்டாம், துளையிட வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்றால் தண்ணீரால் நன்கு நனைத்து, முழுச் சீற்றாக இறக்கி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பிள்ளைகளைத் தூர நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். சாதாரணத் துணி மறைப்பு இந்தத் தூசை முழுமையாகத் தடுக்காது. நனைப்பதுதான் முக்கியமான பாதுகாப்பு. உடைந்த துண்டுகளைப் பாதைக்குப் போடுவதும், கோழிக்கூட்டுக்கு வைப்பதும் நம் ஊர்களில் சாதாரணம். அதை நிறுத்த வேண்டும். மிதிபட மிதிபட அது தூசாகிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: பழைய சீற்றில் ஏறி நடக்கக் கூடாது. அது ஆளைத் தாங்காது. ஏணியைக் கிடையாகப் போட்டு, அதன்மேல் நின்றே வேலை செய்ய வேண்டும்.

கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கறள்

கடற்கரை வீடுகளில் உயிராபத்தான நோய் இதுதான். யன்னலுக்கு மேல் உள்ள லின்டல், விறாந்தைத் தூண், வளை, தண்ணீர்த் தாங்கி வைத்த தட்டு ஆகியவற்றை உற்றுப் பாருங்கள். கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக ஒரு வெடிப்பும், அதில் இருந்து செம்மஞ்சள் நிறத்தில் வடிந்த கோடும் இருந்தால், உள்ளே இரும்பு கறள் பிடித்துவிட்டது.

இது ஏன் நடக்கின்றது? நல்ல கொங்கிறீற் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். உப்பு அந்தப் படலத்தை அழிக்கும். உப்பு மூன்று வழிகளில் வரலாம்: கடற்காற்றில், கழுவாத கடல் மணலில், குழைத்த உவர்த் தண்ணீரில். ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் அவசரமாகக் கட்டப்பட்டன. எங்கெல்லாம் கைக்கு எட்டிய மணலும் கைக்கு எட்டிய கிணற்றுத் தண்ணீரும் போடப்பட்டனவோ, அங்கெல்லாம் உப்பு முதல் நாளே உள்ளே போய்விட்டது. கிழக்குக் கரையில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொல்லி, பிறகு அது தளர்த்தப்பட்டதால் பழைய நிலத்துக்குத் திரும்பியவர்களின் வீடுகளில் காற்றே போதும்.

கறள் பிடித்த இரும்பு ஊதும். அதன் பருமன் பழைய இரும்பைவிடச் சில மடங்காகும். அந்த ஊதல்தான் கொங்கிறீற்றை உள்ளிருந்து வெடிக்க வைக்கின்றது. வெடிப்பால் மேலும் உப்பும் ஈரமும் போகும். கறள் இன்னும் வேகமாகும். கடைசியில் ஒரு துண்டு கழன்று விழும். அது பெரும்பாலும் ஆட்கள் இருக்கும் விறாந்தையில்தான் விழும்.

இதற்கு மேல் சாந்து பூசிப் பெயின்ற் அடிப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போலத்தான். சரியான வேலை இது: வெடித்த கொங்கிறீற்றை, நல்ல இரும்பு தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கமும் தெரிய வேண்டும். கம்பித் தும்பால் கறளை முழுதாக உரஞ்சி, நல்ல தண்ணீரால் கழுவி, உலர்ந்த பின் கறள் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பிறகு ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் சேர்த்து, குறைந்த தண்ணீரில் குழைத்து, அமுக்கி நிரப்ப வேண்டும். கம்பிக்கு மேல் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் மூடியிருப்பது கடற்கரைக்கு நல்லது. ஏழு நாட்கள் ஈரச்சாக்கு போட்டு நனைக்க வேண்டும்.

கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால், வளை தொய்ந்திருந்தால், தூணே வெடித்திருந்தால் இது வீட்டுக்காரரும் மேசனும் சேர்ந்து முடிவெடுக்கும் வேலை இல்லை. கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, பிரதேச செயலகத்தின் அல்லது பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அது வரை அதன் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

சுவரில் வெடிப்பும் உப்பும்

எல்லா வெடிப்பும் ஆபத்தானது அல்ல. தலைமுடி அளவில் வலை போல இருப்பது பூச்சின் வெடிப்பு. யன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஏறுவது, அத்திவாரம் இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். ஷெல் விழுந்த காலத்தில் ஆட்டம் கண்டு, பிறகு பூசி மறைத்த பழைய சுவர்களில் அதே இடத்தில் மீண்டும் வெடிப்பு தெரிவதும் உண்டு. அது தூங்கும் வெடிப்பா, நகரும் வெடிப்பா என்று அறிய எளிய வழி: வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டு, அதன் அகலத்தையும் திகதியையும் சுவரிலேயே எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்தும், அடுத்த மாரிக்குப் பிறகும் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் அது நகர்கின்றது. நகரும் வெடிப்பைப் பூசுவது காசை மணலில் ஊற்றுவதுதான். அத்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் ஓடுகின்றதா, மணல் அரித்துப் போயுள்ளதா என்று முதலில் பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடிச்சுவரில் இரண்டு மூன்று அடிக்கு வெள்ளையாகப் பூப்பது நிலத்தில் இருந்து ஏறும் உப்பு. ஈரம் மேலே வந்து காயும்போது உப்பு சுவரில் தங்கிப் பூச்சைத் தள்ளும். பிளாஸ்ரிக் வகைப் பெயின்ற் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். சில மாதங்களில் அது தோல் போல உரிவது இதனால்தான். உப்பைக் காய்ந்த நிலையில் தும்பால் தட்டி எடுத்து, சுவரை நன்கு காயவிட்டு, அந்தப் பகுதிக்கு மட்டுமாவது சுண்ணாம்பு அடிப்பது நல்லது. சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட வைக்கும், பூஞ்சணத்தையும் கட்டுப்படுத்தும். நம் அப்பாக்கள் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தது மலிவு என்பதற்காக மட்டும் அல்ல. ஆனால் நீற்றும்போதும் அடிக்கும்போதும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அது கண்ணைச் சுட்டுவிடும்.

கிணறு

மாரியில் நிரம்பிய கிணற்றை மாசி, பங்குனியில் இறைத்துத் துப்புரவு செய்வது வழக்கம். கடலோர மணற்தரைக் கிணற்றுக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. நமது நல்ல தண்ணீர் நிலத்தடியில் உவர்த் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஒரு பொதுவான கணக்கு. மேலே ஒரு அடியை இழந்தால் கீழிருந்து உவர் ஏறி வரும் என்பதே அதன் மறுபக்கம்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பை எடுக்கலாம் என்று எண்ணிக் கிணறுகளை மோட்டரால் மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். அதனால் உப்பு பெரிதாகக் குறையவில்லை என்றும், அடுத்தடுத்த மாரி மழைதான் அதைக் கழுவியது என்றும் கிழக்குக் கரையில் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைக்க வேண்டாம். அடியில் உள்ள சேறு, இலை, குப்பை ஆகியவற்றை அள்ளும் அளவுக்கு மெதுவாக இறைத்தால் போதும்.

பெற்றோல் மோட்டரை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி இயக்கக் கூடாது. அதன் புகை கிணற்றுக்குள் தங்கும். மணமில்லாத நச்சு வாயு இறங்கியவரை மயக்கும்; காப்பாற்ற இறங்குபவரையும் மயக்கும். கிணறு துப்புரவாக்கும்போது ஒரே வீட்டில் இருவர் மூவராக இறக்கும் சாவுகளுக்கு இதுவே காரணம்.

துப்புரவுக்குப் பிறகு குளோரின் போட, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவு கேளுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி கிணற்றில் எவ்வளவு தண்ணீர் உள்ளது என்பதுதான். கணக்கு இது: விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்குங்கள். எல்லாம் மீற்றரில் இருக்க வேண்டும். 1.2 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் ஆழ நீரும் என்றால் 2.26 கன மீற்றர், அதாவது ஏறக்குறைய 2,260 லீற்றர். கிணற்றைச் சுற்றிய கட்டு வெடித்திருந்தால் அதையும் இப்போதே பூசுங்கள். கால் கழுவிய அழுக்குத் தண்ணீர் அந்த வெடிப்பால்தான் திரும்ப உள்ளே போகின்றது. மலசலகூடக் குழி கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது நாம் கேட்டுப் பழகிய அளவு. மணற்தரையில் தூரம் கூடக் கூட நல்லது.

தண்ணீர் தேங்கும் இடமும் மின்சாரமும்

பீலியில் நிறைந்த இலை, வளவில் கிடக்கும் சிரட்டை, பழைய ரயர், வெட்டிய மூங்கில் எல்லாம் டெங்கு நுளம்பின் இடங்கள். இப்போது காய்ந்துதானே கிடக்கின்றது என்று விட முடியாது. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். சித்திரையில் ஒரு இடி மழை பெய்தால் போதும், ஒன்றரை வாரத்துக்குள் நுளம்பாகிவிடும். தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. தொட்டியையும் பரலையும் உட்பக்கம் தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும்.

பங்குனி, சித்திரை மாதங்கள் இலங்கையில் மின்னல் அதிகமான காலம். பின்னேரம் இருட்டினால் தொலைக்காட்சி, குளிரூட்டிப் பெட்டி ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். உப்புக் காற்று செப்பையும் விடாது. பிளக்கின் துவாரம் கறுத்திருந்தாலோ, சுவிச் சூடானாலோ, பொறி தட்டினாலோ மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள். றிப் சுவிச்சில் சிறிய சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்; ஆளைக் காப்பாற்றாது. மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

காசும் மேசனும்

இவ்வளவையும் ஒரே வருடத்தில் செய்ய எல்லோராலும் முடியாது. முடிந்த வரிசையில் செய்யலாம். விழுந்தால் ஆளைக் கொல்லக்கூடியது முதலில்: கறள் பிடித்த வளை, பிடிப்பு விட்ட கூரை, பழுதான வயர். நோய் கொண்டுவருவது அடுத்தது: கிணறு, குழி, நுளம்பு. வீட்டைத் தின்பது மூன்றாவது: ஒழுக்கு, கறையான், உப்பு. நிறம் கடைசி. வெளிநாட்டில் இருந்து மகனோ சகோதரனோ, மத்திய கிழக்கில் இருந்து மகளோ அனுப்பும் காசுக்கும் இதே வரிசை பொருந்தும். தரைக்கு ரைல்ஸ் பதித்த வீட்டில், தலைக்கு மேல் லின்டல் வெடித்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கின்றோம்.

கணவனை இழந்தோ, அவர் எங்கே என்று தெரியாமலோ வீட்டைத் தனியே நடத்தும் பெண்கள் மேசனோடு பேசத் தயங்குவதுண்டு. தயங்கத் தேவையில்லை, நான்கு கேள்விகள் போதும். மணல் எங்கே இருந்து வருகின்றது? ஒரு மூடை சீமெந்துக்கு எத்தனை பெட்டி மணல் போடுவீர்கள்? எந்தத் தண்ணீரில் குழைப்பீர்கள்? எத்தனை நாள் நனைக்க வேண்டும்? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மேசன் நல்ல மேசன். பொருட்களை நீங்களே வாங்கி, கூலியை மட்டும் வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கடைசிப் பகுதியை ஏழு நாள் நனைத்து முடிந்த பிறகு கொடுங்கள். அக்கம்பக்கத்து நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரே மேசனைப் பிடித்து, மணலை ஒரே லோட்டாக இறக்கினால் எல்லோருக்கும் செலவு குறையும். பெருநாளும் வருசமும் நெருங்கும்போது கூலி கூடும் என்பதால் மாசியிலேயே பேசி வைப்பது நல்லது.

ஆவணப் பை

கொப்பியில் எழுதத் தொடங்கியபோது எடுத்த படங்களை இனி எண்ணிப் பாருங்கள். வெள்ளத்திலோ காற்றிலோ வீடு சேதமானால் கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேதத்துக்கு முன் வீடு எப்படி இருந்தது என்று காட்டத் திகதியுள்ள ஒரு படம் பெரிய உதவி. அதை வெளியூரில் உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அதோடு, அலுமாரிக்கு அடியிலோ ரங்குப் பெட்டியிலோ உள்ள காகிதங்களையும் ஒருமுறை வெளியே எடுங்கள். காணி உறுதி, அனுமதிப் பத்திரம், வீட்டுத் திட்டக் கடிதம், பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணாமற்போனவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, அவருடைய ஒரே புகைப்படம். 1990 இலும் 2004 இலும் இவற்றை இழந்தவர்கள், மீண்டும் எடுக்க எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பது இந்த ஊர்களுக்குத் தெரியும். இருந்ததைக் கறையான் தின்ற வீடுகளும் உண்டு. வெயிலில் நேராகப் போடாமல், நிழலில் காற்றாட உலர்த்தி, பொலித்தீன் உறைகளில் இட்டு, நிலத்தில் இருந்தும் சுவரில் இருந்தும் தள்ளி உயரமான தட்டில் ஒரே பையாக வையுங்கள். கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பையாக அது இருக்கட்டும். அது எங்கே இருக்கின்றது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவும் முடிந்து சுவர் காய்ந்த பிறகு, மிச்சக் காசுக்கு ஏற்றபடி பெயின்ற் வாங்குங்கள். முன் விறாந்தைக்கு மட்டும்தான் காணும் என்றால் முன் விறாந்தைக்கு மட்டும் அடியுங்கள். வருசத்தன்று வருகின்ற சொந்தக்காரர் அந்த விறாந்தையில்தான் இருப்பார்கள். அவர்களின் தலைக்கு மேல் உள்ள வளை கெட்டியாக இருந்தால் போதும்.